திருடன் அலறிய வீடு

1

அலறல்!

கரைகுளத்துப் பெரிய வீட்டுக்குள் இருந்து கிளம்பி, தெருக்கோடி வரை போய் மோதிய அலறல்.

தொண்ணூறுகளில் ஒரு பட்டப்பகல். பங்குனி வெயில் கரிசல் தரையைப் பாளம் பாளமாகப் பிளந்துகொண்டிருந்தது. ஊர் ஜனம் முழுவதும் அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் திருவிழா பார்க்கப் போயிருந்தது. நாய்கள்கூட வேலிக்கருவை நிழலில் செத்ததுபோல் கிடந்தன.

அலறியது வீட்டுக்காரர்கள் இல்லை.

திருடன்!

பெயர் பால்பாண்டி. ஓட்டைப் பிரித்து இறங்குவதில் சூரன். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய், இரண்டு தடவையும் உடம்பு தேறி வந்தவன். பேய்க்குப் பயப்படாதவன். போலீசுக்கும் பயப்படாதவன்.

அவன்தான் அந்த வீட்டுப் பருத்தி அறையின் கதவைத் திறந்து உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம்... தொண்டை கிழிய அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

கையில் ஒரு குண்டுமணித் தங்கம் இல்லை. கொண்டுவந்த கடப்பாரையைக்கூட உள்ளேயே போட்டுவிட்டான்.

திருச்சுழி ரோட்டுக்கு ஓடினான். எதிரே வந்த அம்பாசடர் கார் கிறீச்சிட்டு நின்றது. உள்ளே அந்த வீட்டுக்காரர்கள்!

பெரியவர் சங்கையா. அவர் மனைவி சந்தனம்மாள். மகன் ஜெகதீஸ்வரன்.

ஊரறிந்த திருடன், அவர்கள் வீட்டுப் பக்கமிருந்து ஓடி வருகிறான். அப்புறம் என்ன... மைல் கல்லோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜெகதீஸ்வரன் சாட்டைக் கம்பால் விளாசினான். பால்பாண்டியின் முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன.

சங்கையா கையை உயர்த்தி மகனை நிறுத்தினார். குனிந்தார்.

“ஏலே, எந்த ரூமுக்குள்ளலே போன?”

கவனியுங்கள். 'என்ன எடுத்தே' என்று அவர் கேட்கவில்லை.

பால்பாண்டி ரத்தத்தைத் துப்பினான்.

“எந்த ரூமுக்கும் போகல சாமி. நான் ஒண்ணும் பாக்கல. சத்தியமா... ஒண்ணுமே பாக்கல!”

சங்கையாவும் சந்தனம்மாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பார்க்காதவன் எவனும், 'பார்க்கவில்லை' என்று சத்தியம் செய்ய மாட்டான்.

2

ஆர்.டி.ஓ. கோர்ட், அதாவது கோட்டாட்சியர் கோர்ட்டின் மின்விசிறி, ஓடுவதைவிட முனகுவதே அதிகம்.

மனுதாரர் சங்கையாவுக்காக வக்கீல் சங்கரலிங்கம் எழுந்தார். தொழிலில் நரைத்தவர். குரலில் நெய் ஊற்றிக்கொண்டு பேசுவார்.

“ஐயா, என் கட்சிக்காரர் வீட்டுல ஓட்டைப் பிரிச்சு எறங்கியிருக்கான் இந்தப் பய. ஒன்பது பவுன் நகை போச்சு. அன்னையில இருந்து வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கம் கெடையாது. நகை கெடைக்கலேன்னாலும் பரவாயில்லைங்கிறாரு. நிம்மதி வேணும். இந்த ஆளு மூணு வருஷத்துக்கு அவுக வீட்டுப் பக்கமே தல வச்சுப் படுக்கக் கூடாது. மீறி வந்தா நேரா உள்ள போகணும். அப்படி நன்னடத்தை ஜாமீன் ஆர்டர் ஒண்ணு போட்டுக் குடுத்தாப் போதும்.”

ஆர்.டி.ஓ. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நகை வேண்டாமா?”

“பெருந்தன்மைங்கய்யா!”

எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமி சட்டென்று நிமிர்ந்தாள்.

பிலோமி. இருபத்தாறு வயது. மல்லாங்கிணற்றில் கல் சுமந்த அம்மாவின் மகள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. பால்பாண்டி மாதிரி காசில்லாதவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக நியமிக்கும் வக்கீல். போட்டிருந்த கறுப்புக் கோட்டு இரவல். நாக்கு மட்டும் சொந்தம்.

“ஐயா, ஒரு வாரம் டயம் வேணும்.”

“எதுக்கு பாப்பா?” சங்கரலிங்கம் சிரித்தார். “இதுல படிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“பாப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும் அண்ணாச்சி.”

கோர்ட் கொல்லென்று சிரித்தது. வாய்தா கிடைத்தது.

வெளியே வந்தவளுக்கு ஒன்றுதான் மண்டையைக் குடைந்தது.

ஒன்பது பவுன்! இந்தச் சீமையில் கோழி காணாமல் போனாலே மண்ணை வாரித் தூற்றுவார்கள். ஒன்பது பவுன் போனால்... முதலில் போலீசுக்குக்கூடப் போக மாட்டார்கள். துப்புக்கூலி கொடுப்பார்கள்.

களவு போன ஆட்டுக்கும் மாட்டுக்கும் நகைக்கும், திருடனைத் தெரிந்த இடையாள் ஒருவனைப் பிடித்து, கூலி கொடுத்து, 'பொருளைத் திருப்பி வாங்கிக் குடு' என்று கேட்பது அந்த வட்டாரத்து வழக்கம். போலீஸ், கோர்ட்டெல்லாம் அது பலிக்காதபோதுதான்.

அந்த வட்டாரத்துக்கே ஒரே இடையாள் ஆண்டிச்சாமி. கோர்ட் வாசல் டீக்கடையில்தான் ஆபீஸ்.

“என்ன ஆண்டிச்சாமி அண்ணே, சங்கையா வீட்டு நகைக்குத் துப்புக்கூலி எவ்வளவு பேசியிருக்கீக?”

ஆண்டிச்சாமி டீ கிளாசை ஓங்கி வைத்தார்.

“அதையேன் கேக்குற தாயி! எங்கிட்ட ஒருத்தரும் வரல. நானாப் போயிக் கேட்டேன். சந்தனம்மா ஆச்சி நாயை அவுத்து விட்டுருச்சு! முப்பது வருசத் தொழிலுக்கே அவமானம்!”

“அப்ப நகை?”

“நகையாவது நாயாவது. பால்பாண்டி வெறுங்கையா ஓடியாந்தான். வித்திருந்தா எனக்குத் தெரியாம வித்துருவானா?”



போகாத நகையைப் போனதாகச் சொல்கிறார்கள். திருப்பித் தேட வேண்டாம் என்கிறார்கள். ஒரே ஒரு ஆள் அந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்கிறார்கள்.

அவன் எதையும் எடுக்கவில்லை.

எதையோ பார்த்துவிட்டான்!

3

சப்-ஜெயில் கம்பிக்குப் பின்னால் பால்பாண்டி பீடி கேட்டான்.

“பீடி இல்ல. பதில் சொல்லு. அந்த வீட்டுல என்னத்தப் பாத்த?”

“நான் அந்த வீட்டுக்கே போகல வக்கீலம்மா.”

“போகாத வீட்டுல உன் கடப்பாரை எப்படிய்யா போச்சு? பஸ் ஏறியா?”

“ஆர்டர் போடட்டும்மா. நல்லதுதான். அந்த வீட்டுப் பக்கம் போகச் சொன்னாலும் நான் போக மாட்டேன்.”

“ஏன்?”

பால்பாண்டி தலையைத் திருப்பிக்கொண்டான்.

பிலோமி கம்பியை நெருங்கினாள். “யோவ், பொணமா?”

பால்பாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“பொணமா இருந்தாத் தேவலயே!”

“பின்ன?”

“பருத்திப் பொதிக்கு நடுவுல... மொதல்ல ஆடுன்னு நெனச்சேன்மா. காலுல மாட்டுச் சங்கிலி. முன்னால ஒரு அலுமினியத் தட்டு. மயித்தைத் திட்டுத்திட்டா வெட்டி விட்டுருந்துச்சு. ஆடுதான் போலன்னு கதவைச் சாத்தப் போனேன்...”

“ம்.”

“ஆடு பேசுச்சு!”



“காலைப் புடிச்சுக்கிட்டு, 'அண்ணே, களவாங்கவா வந்தீக? என்னையும் களவாண்டுட்டுப் போயிருங்க'ன்னுச்சு. இந்த வீட்டு மருமகளாம். செல்வலட்சுமின்னு பேரு சொன்னுச்சு. பந்தல்குடி ரோட்டு மேல அப்பன் எழுதி வச்ச நெலம் இருக்காம். புருசன் பேருக்கு மாத்திக் கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விடுவாகளாம். 'போட்டா மறுநாளு கெணத்துல மெதப்பேன் அண்ணே, மூத்தவ அப்படித்தான் மெதந்தா'ன்னுச்சு. அதக் கேட்டதும்தான் அலறியடிச்சு ஓடியாந்துட்டேன்.”

“மூத்தவளா?”

“ஜெகதீஸ்வரனுக்கு இது ரெண்டாந்தாரம்மா.”

ஊருக்கெல்லாம் சந்தனம்மாள் சொல்லி வைத்திருந்த கதை வேறு. மருமகள் கோபித்துக்கொண்டு திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரும் நம்பியது. பெரிய வீட்டுக் கதையை நம்பாமல் இருக்க ஊருக்கு என்ன கிறுக்கா?

“இதை ஏன்யா கோர்ட்டுல சொல்லல?”

“சொன்னா நான் உள்ள எறங்குனது ருசுவாயிரும்ல! இது எனக்கு மூணாவது கேசு. வருசக்கணக்காக் களி திங்க வச்சிருவாக. நான் போகவே இல்லைன்னு சாதிச்சாத்தானே தப்பிக்க முடியும்?”

பிலோமி அவனையே பார்த்தாள். சட்டத்தில் வழி இருந்தது. ஒரு ஆளை அடைத்து வைத்திருந்தால், அந்த இடத்தைச் சோதனை போட ஆர்.டி.ஓ. வாரண்ட் கொடுக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும்.

இருந்த ஒரே சாட்சி, திருடன்.

“இந்தா பாரு. பூசி மெழுக எனக்கு வராது. நீ வாயைத் திறந்தா உனக்கு ஜெயிலு. திறக்கலேன்னா அவளுக்குக் கெணறு. நீதான் சொல்லணும்.”

“நீங்க எனக்கு வக்கீலா, அவளுக்கு வக்கீலா?”

“அவளுக்கு வக்கீல் வைக்க யாரு இருக்கா?”

பால்பாண்டி பல் போன ஈறை நாக்கால் தடவிக்கொண்டான். 

“திருட்டுப்பய வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னா ஓடிப்போயி ஆர்டர் கேக்குறாக. அந்த வீட்டுக்குள்ள இருக்குறவளுக்கு ஒரு ஆர்டரும் கெடையாதா?”

“கெடையாது.”

“சட்டம் படிச்சவன் எவனுக்கும் அக்கா தங்கச்சி இல்லையா?”

“இருக்கு. அவளுகளையும் கட்டிக் குடுத்துட்டுத் தல முழுகிட்டாங்க.”

பால்பாண்டி மண்டையைச் சொறிந்தான்.

“எழுதுங்கம்மா. எங்க கைநாட்டு வைக்கணும்?”

4

ஆர்.டி.ஓ. பிலோமியின் மனுவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். செத்த எலியின் வாலைத் தூக்குவதுபோல.

“திருட்டுப்பய பேச்சைக் கேட்டு, அவ்வளவு பெரிய குடும்பத்துல சோதனை போடச் சொல்றீங்களா?”

“உள்ள ஒரு உசுரு இருக்குய்யா. இன்னைக்கே போனா...”

“கௌரவமானவங்கம்மா. போலீஸ் போய் நின்னா அசிங்கமாயிடும். நோட்டீஸ் அனுப்புறேன். அடுத்த வாய்தாவுக்கு மருமகளைக் கூட்டிட்டு வந்து காட்டட்டும்.”

“நோட்டீஸா? ஐயா, அது அவுகளுக்கு ரோசனை பண்ண டயம் குடுக்குற மாதிரி...”

“சட்டம் எனக்கும் தெரியும்மா.”

தெரியும். சட்டம் எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும்.

நோட்டீஸ் கரைகுளத்துக்குப் போனது.

சங்கிலி கழன்றது.

சந்தனம்மாள் மருமகளைக் கிணற்றடியில் உட்கார வைத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தோலோடு அழுக்கு உரிந்தது. கணுக்காலில் சங்கிலி தின்ற புண்ணுக்கு மஞ்சள் அப்பினாள். வெட்டிய முடியில் சவுரி வைத்து இழுத்துக் கட்டினாள். செல்வலட்சுமி வலியில் துடித்தபோது, தலையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“சும்மா இருடி. பூ வைக்க வேணாமா?”

மல்லிகைச் சரத்தைச் செருகிவிட்டு, காதருகே குனிந்தாள்.

“கோர்ட்டுல போயி 'நல்லா இருக்கேன்'னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல நாக்கு பெரண்டுச்சுன்னு வையி... திரும்பி இங்கதான் வரணும். கெணறு எங்கிட்டும் நடந்து போயிராது.”

5

கோர்ட் நிரம்பி வழிந்தது.

பட்டுச் சேலை சரசரக்க செல்வலட்சுமி வந்து நின்றாள். நிறைய பூ. நிறைய பவுடர். பக்கத்தில் மாமியார். பின்னால் புருஷன். அதற்கும் பின்னால் மாமனார் சங்கையா.



விலங்கோடு நின்ற பால்பாண்டி முணுமுணுத்தான். “ஆத்தாடி! இவ்வளவு பூ வச்சிருக்காகளே... பொணத்துக்குத்தானே இப்படி வைப்பாக?”

“ஏம்மா,” என்றார் ஆர்.டி.ஓ. “நீதானே செல்வலட்சுமி? உன்னைய வீட்டுல அடைச்சு வச்சிருக்காங்களா?”

செல்வலட்சுமி தரையைப் பார்த்தாள்.

பிலோமி துடித்தாள். “பயப்படாம சொல்லும்மா! நாங்க இருக்கோம்!”

செல்வலட்சுமி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

'நாங்க இருக்கோம்' என்று சொன்ன முதல் ஆள் பிலோமி இல்லை. தப்பித்து இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு தடவையும் ஜீப்பிலேயே கூட்டிவந்து மாமியார் கையில் ஒப்படைத்து, செம்பு நிறைய மோர் குடித்துவிட்டுப் போனார்கள். திருப்பூர் அண்ணனோ, 'செத்தாலும் அங்கேயே சாவு' என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

“இல்லைங்கய்யா,” என்றாள் செல்வலட்சுமி. “யாரும் அடைச்சு வைக்கல. நல்லா வச்சிருக்காக.”

சங்கரலிங்கம் எழுந்து நின்று சிரித்தார்.

“பாத்தீங்களாய்யா? பாப்பா கதை விட்டது போதும். ஒன்பது பவுன் களவாண்ட திருட்டுப்பயலோ தானே உள்ள எறங்குனேன்னு கைநாட்டு வச்சுட்டான். இனிமே ஆர்டர் போட்டுரலாம்.”

பால்பாண்டி தலையைத் தொங்கப் போட்டான். பிலோமியின் கண்ணில் கோபம் நீராக முட்டியது. அவளை நம்பி வாயைத் திறந்தவன்!

ஆர்.டி.ஓ. பேனாவை எடுத்தார்.

“ஐயா!”

செல்வலட்சுமி.

“இன்னொண்ணு சொல்லணுங்கய்யா.”

சந்தனம்மாள் அவள் முழங்கையைக் கிள்ளினாள். நகம் சதைக்குள் இறங்கியது. செல்வலட்சுமி முகம் மாறவில்லை. அதைவிடப் பெரிய வலியெல்லாம் பழகிவிட்டது.

“இந்த ஆளு ஓட்டைப் பிரிச்சுத் தானா எறங்கலைங்கய்யா. நான்தான் வரச் சொன்னேன்.”

ஆர்.டி.ஓ.வின் பேனா பாதியில் நின்றது!

“என்னம்மா சொல்றே?”

“ஒன்பது பவுனையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். களவுக்கு நானும் கூட்டு. என்னைய அரஸ்ட் பண்ணுங்க!”

“பொய்!” ஜெகதீஸ்வரன் பாய்ந்து முன்னால் வந்தான். “ஐயா, இவ பொய் சொல்றா! ஒன்பது பவுனாவது ஒண்ணாவது... நகையே களவு போ...”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆர்.டி.ஓ.வின் புருவம் மேலே ஏறியது. “போ...? நகை களவு போகலையா? அப்ப பொய்க் கேசா?”

சங்கையா மகனின் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கிழட்டு மூளை, மகனுடையதைவிட வேகம்.

“பதட்டத்துல உளறுறான்யா. நகை போனது நெசம். பொட்டச்சி புத்தி கெட்டுப் போயிச் செஞ்சிருப்பா போல. எங்க வீட்டுப் புள்ளையாச்சே, விட முடியுமா? புருசனே ஜாமீன் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கிருவான்.”

மகனிடம் பல்லிடுக்கில் சொன்னார். “வீட்டுக்கு வரட்டும்டா. பாத்துக்கிருவோம்.”

செல்வலட்சுமியின் முகத்தில் முதல் தடவையாகப் பயம் வந்தது. ஜாமீன்! அவள் யோசிக்காத ஓட்டை!

ஒரே நொடி. பிலோமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள் திருடியும் இல்லை, பைத்தியமும் இல்லை. அந்த வீட்டிலிருந்து வெளியே வர, சட்டம் ஒரே ஒரு கதவைத்தான் வைத்திருக்கிறது. அதன் பேர் குற்றவாளிக் கூண்டு. அதைத் தலையால் முட்டிக்கொண்டிருக்கிறாள்!

“ஐயா!” பிலோமியின் குரல் உத்தரத்தை இடித்தது. “ஜாமீன் போட ஆயிரம் பேர் வரலாம். ஆனா ஜாமீன் பத்திரத்துல கைதி கையெழுத்துப் போடணும். போட மாட்டேன்னா யாரும் கூட்டிட்டுப் போக முடியாது. ஏம்மா, போடுவியா?”

“செத்தாலும் போட மாட்டேன்!”

“எழுதிக்கங்கய்யா. அடுத்தது, பெரியவர் குடுத்த மனு. அதுல சங்கரலிங்கம் அண்ணாச்சி தெளிவா எழுதியிருக்காரு... 'பால்பாண்டியும் அவனுக்கு உடந்தையாக இருந்தவர்களும் மனுதாரர் வீட்டை நெருங்கக் கூடாது'. உடந்தை இந்தா நிக்கிது. அதுவே ஒத்துக்கிச்சு. மனுதாரருக்கு நிம்மதி வேணும்ல? எங்க தரப்புல ஆட்சேபணை இல்ல. இப்பவே இடைக்கால ஆர்டர் போட்டுருங்க!”

சங்கரலிங்கம் வாயைத் திறந்தார். மூடினார். வாழ்நாளில் முதல் தடவையாக நெய் தீர்ந்துபோனது.

சந்தனம்மாள் கத்தினாள். “எங்க மருமக எங்க வீட்டுக்கு வரக் கூடாதுன்னு ஆர்டரா? எந்த ஊரு நியாயம்யா இது?”

“நீங்க கேட்ட ஆர்டர்தானேம்மா?” என்றார் ஆர்.டி.ஓ. எரிச்சலோடு. “வேணாம்னா சொல்லுங்க. நகை போகலைன்னு எழுதிக் குடுங்க. பொய்க் கேசுக்கு உங்க மூணு பேரையும் அனுப்பி வைக்கிறேன்.”

சங்கையா மனைவியிடம் 'விடு' என்று கையசைத்தார்.

பேனா ஓடியது. செல்வலட்சுமிக்கும் ரிமாண்ட். 'இருவரும் மனுதாரர் வீட்டை நெருங்கக் கூடாது. மனுதாரர் குடும்பத்தாரும் இவர்களை எவ்விதத்திலும் அணுகக் கூடாது.' கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவள் பிலோமி. வெயில் மண்டையைப் பிளந்ததால் ஆர்.டி.ஓ. வாதாடவில்லை.

முத்திரை விழுந்தது. டப்!

6

வெளியே போலீஸ் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது.

பால்பாண்டி முதலில் ஏற்றப்பட்டான். “நான் கண்ணால பாக்காத ஒன்பது பவுனுக்கு உள்ள போறேன் வக்கீலம்மா. இந்தத் தொழில்ல இந்த மாதிரி நட்டம் எவனுக்கும் வந்திருக்காது!”

“இல்லாத நகையை இருக்குன்னு அவுக ரசீது காட்டட்டும் பாப்போம். அந்தக் கேசை நான் உரிச்சுத் தொங்கவிடுறேன். ஆனா உள்ள எறங்குனதுக்கு நீ இருந்துதான்யா வரணும்.”

“சரி விடுங்க. களி எனக்கு ஒத்துக்கிடும்.”

செல்வலட்சுமி நொண்டியபடி வந்தாள். பட்டுச் சேலையின் கரையில் மஞ்சளும் ரத்தமும் கலந்து ஒட்டியிருந்தது. ஜீப் படியில் கால் வைக்கும்போது சவுரியைப் பிடுங்கி எறிந்தாள். அது மல்லிகைப்பூவோடு போய், கோர்ட் வாசலில் நின்ற சந்தனம்மாளின் காலடியில் விழுந்தது.

பிலோமி அவள் கையைப் பிடித்தாள். “என்னம்மா இப்படிப் பண்ணிட்டே! களவாணிப் பட்டம் சாகுற வரைக்கும் ஒட்டிக்கிருமே!”

“நல்ல மருமகள்ங்குற பட்டத்தோட இன்னைக்கு ராத்திரியே செத்திருப்பேன்க்கா.”

பிலோமி பிடித்த கையை விட்டாள். 

ஜீப்பில் இருந்த பெண் கான்ஸ்டபிள் மாரிக்கனி, ஏறி உட்கார்ந்தவளை மேலும் கீழும் பார்த்தாள். முறைப்பாகச் சொன்னாள்:

“ஏய், ஜெயிலுன்னா என்னன்னு நெனச்சே? மாமியா வீடுன்னா? பொழுது சாஞ்சதும் உள்ள தள்ளிப் பூட்டிருவாங்க, தெரியும்ல?”

“சாவி யாருகிட்டக்கா இருக்கும்?”

“சர்க்காருகிட்ட!”

செல்வலட்சுமி காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“நெசமாவே மாமியாகிட்ட இல்லைல்ல? அப்ப ஏன் இன்னும் வண்டிய உறும விட்டுக்கிட்டே நிக்கிறீக டிரைவரண்ணே... வெரசா ஓட்டுங்க, கேட்டைப் பூட்டிறப் போறாக!”